பழைய பாஸ் கிட்டார் வாங்கும்போது முதலில் நெக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பல வருடங்களாக ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். பாஸ் வாசித்த தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். இனி பாஸ் என் பொறுப்பு. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. மூன்று வாய்ப்புகள் வந்திருக்கின்றன. முதலாவது, நான்கு வருடம் பழைய யமஹா டி.ஆர்.பி.எக்ஸ் 174. விலை 15,000. "கம்பி கொஞ்சம் உயரமாக இருக்கும், ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும்" என்கிறார் உரிமையாளர். இரண்டாவது, அதிகம் கேள்விப்படாத பிராண்டில் புது பாஸும் 15 வாட் ஆம்பும் சேர்ந்த செட், 14,000. மூன்றாவது, தலையில் ஃபெண்டர் என்று போட்ட பழைய ஜாஸ் பாஸ், 18,000. எதை வாங்கலாம்? நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? ஐந்து கம்பி வாங்குவது நல்லதா? ஆம்ப் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

யமஹாவைப் போய்ப் பாருங்கள். புது செட்டை விட்டுவிடுங்கள். மூன்றாவதில், தலையில் எழுதியிருக்கும் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

விலை குறைந்த பாஸில் கெட்டுப்போகிற பொருள்களில் பெரும்பாலானவற்றை மாற்றிவிடலாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட், கேபிள் செருகும் ஜாக், கம்பி முறுக்கும் டியூனர், உடம்பில் கம்பிகள் பிணையும் பிரிட்ஜ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கம்பிகள் ஓடும் நீளமான கழுத்தான நெக் மட்டும் அப்படியில்லை. இந்த விலையில் வாங்கும் பாஸுக்குப் புது நெக் போடுவதானால், அந்தச் செலவு பாஸின் விலையையே தொட்டுவிடும். கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள பாஸில், 0.045 முதல் 0.105 அங்குலம் வரை தடிமன் உள்ள சாதாரண கம்பி செட்டை சுருதிக்கு முறுக்கினால், நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ராத்திரி பகலாக அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பது நெக் மரமும் அதற்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டும்தான். அதனால் நீங்கள் விலை பேசுவது முதலில் நெக்குக்கு, பிறகுதான் மற்றதற்கு.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அரை மில்லிமீட்டர் கோடு உள்ள சிறிய ஸ்டீல் ஸ்கேல், கம்பிகளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ, சுருதி காட்டும் டியூனர், நல்லது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு கேபிள், ஒரு விசிட்டிங் கார்டு, டார்ச். மல்டிமீட்டர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனதும் முதல் வேலை சுருதி சேர்ப்பது. கம்பி தளர்ந்திருக்கும் பாஸின் நெக்கைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இழுப்பு இல்லாதபோது வளைந்த நெக்கும் நேராகத் தெரியும், நல்ல நெக்கும் பின்பக்கம் வளைந்ததுபோலத் தெரியும். ஈ, ஏ, டி, ஜி என்று சரியான சுருதிக்குக் கொண்டுவந்து, ஒரு பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, மறுபடியும் சுருதி பாருங்கள். "கம்பி அறுந்துபோச்சு, மத்தபடி எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரு கம்பி இல்லாமல் காட்டினால், கம்பி போட்ட பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உரிமையாளர் சொன்ன அந்த ஒரு வரிக்கு வருவோம். "கம்பி உயரம், ட்ரஸ் ராடைத் திருகினால் சரி." பழைய பாஸ் விற்பவர்கள் எல்லோரும் சொல்வது இது. கம்பி உயர்ந்திருப்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுக்குத்தான் ட்ரஸ் ராட் மருந்து. எது காரணம் என்று அங்கேயே கண்டுபிடித்துவிட முடியும்.

முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கேப்போ போடுங்கள். வலது கையால் ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மி.மீ. அளவு, அதாவது விசிட்டிங் கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழைகிற அளவு இருந்தால் நெக் சரியான வளைவில் இருக்கிறது. இதைத்தான் ரிலீஃப் என்கிறோம். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டில் படுத்துக் கிடந்தால் நெக் மட்டமாகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. இதையே ஜி கம்பியிலும் செய்யுங்கள். ஈ பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை ட்ரஸ் ராட் நிமிர்த்தாது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ரிலீஃப் அதிகம் என்றால், ட்ரஸ் ராடில் இன்னும் திருகுவதற்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ராடைத் திருகும் நட் பெரும்பாலும் தலைப்பகுதியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஆலன் கீ பிடிக்கும் ஆறு முனைகளும் கூர்மையாக இருக்க வேண்டும். முனை மழுங்கி வட்டமாகியிருந்தால் யாரோ அளவு தப்பிய கீயைப் போட்டுப் பலமாகத் திருகியிருக்கிறார்கள். அந்த நட்டைச் சரிசெய்வது தனி வேலை, தனிச் செலவு. நட் நன்றாக இருந்தால், உரிமையாளரின் அனுமதியோடு, சரியாகப் பொருந்தும் கீயால் முதலில் கால் சுற்று தளர்த்துங்கள். அது சுலபமாக அசைந்தால், மறுபடி இறுக்கி, பழைய இடத்துக்கு மேல் கால் சுற்று மட்டும் கொண்டுபோங்கள். சுருதி சேர்த்து ரிலீஃபை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் ராட் உயிரோடு இருக்கிறது. நட் ஒரு இம்மிகூட அசையவில்லை என்றாலும், இறுக்கியும் நெக்கில் மாற்றமே இல்லை என்றாலும், எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுற்றினாலும், அந்த பாஸ் வேண்டாம். விலையைப் பாதியாக்கினாலும் வேண்டாம். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள். அது இன்னொருவர் பொருள், ராட் உடைந்தால் தலைவலி இரண்டு பேருக்கும்.

ரிலீஃப் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் கம்பி உயரம் என்றால் பிரிட்ஜைப் பாருங்கள். கேப்போவை எடுத்துவிட்டு, பதினேழாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரத்தை ஸ்கேலால் அளவெடுங்கள். ஈ கம்பி சுமார் 2.5 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். 4 மி.மீ. காட்டுகிறது, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில்களும் மேலே ஏறி நிற்கின்றன என்றால், பழுது எதுவும் இல்லை. சேடிலில் உள்ள சிறு திருகுகளை இறக்கினால் போதும், கால் மணி நேர வேலை. சேடில்கள் ஏற்கெனவே அடித்தட்டைத் தொட்டுக்கொண்டிருக்க, கம்பி மட்டும் உயரமாக இருந்தால் நெக் உடம்போடு சேரும் கோணம் தப்பியிருக்கிறது. இதுவும் பயப்பட வேண்டியதில்லை. டி.ஆர்.பி.எக்ஸ் 174 போன்றவற்றில் நெக் திருகுகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. திருகுகளைக் கழற்றி, நெக் உட்காரும் பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க விளிம்பில் அரை மில்லிமீட்டருக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்தால் கோணம் திருந்தும். பழுதுபார்ப்பவருக்கு இது பழகிய வேலை. கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது காரணம், நெக் உடம்போடு சேரும் இடத்தில், பதினைந்தாவது பதினாறாவது ஃபிரெட்டுக்கு அப்புறம், பலகை மேல்நோக்கி எழும்பிவிடுவது. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் விளிம்பு வழியே பார்த்தால் தெரியும். மேலே உள்ள ஃபிரெட்டுகளில் வாசித்தால் ஒலி மூச்சு முட்டி நின்றுவிடும். அதை மறைக்கத்தான் கம்பியை உயர்த்தி வைத்திருப்பார்கள். ட்ரஸ் ராட் இந்த இடத்தை எட்டவே எட்டாது, ஃபிரெட்டுகளை ராவி மட்டப்படுத்த வேண்டும். ஆலயத்தில் பாட்டுக்கு பாஸ் வாசிக்கும்போது கை பெரும்பாலும் பன்னிரண்டாவது ஃபிரெட்டைத் தாண்டாது. எனவே லேசாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதிகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நெக் தேறிவிட்டதா? இனி ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். நான்கு கம்பி, 24 ஃபிரெட், மொத்தம் 96 இடங்கள். சலிப்பாக இருந்தாலும் ஒன்றையும் விடாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உலோக உரசல் சத்தம் வந்தால் அடுத்த ஃபிரெட் மேலெழும்பியிருக்கிறது. முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான தடம் பரவாயில்லை. நகம் விழுந்து நிற்கிற பள்ளம் என்றால் ராவ வேண்டும். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஏதாவது ஒரு ஸ்வரம் மற்றதைவிடச் சீக்கிரம் அடங்கிப்போகலாம். நெக்கைத் திருகால் பிணைத்த பாஸ்களில், விலை உயர்ந்தவற்றிலும் இது உண்டு. அதைக் குறை என்று சொல்லி விலை பேசாதீர்கள், நியாயம் இல்லை.

தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டையும் கவனியுங்கள், இதற்கும் நட் என்றுதான் பெயர். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால், முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு தாள் தடிமனுக்கு மட்டும் இடைவெளி தெரிய வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், ஈ கம்பியின் முதல் ஃபிரெட்டில் எஃப் வாசிக்கும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது அது காதில் குத்தும். விலை குறைந்த புது பாஸ்களில் அடிக்கடி இருக்கும் குறை இதுதான். பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். சேடில் நகர இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மீதியை பழுதுபார்ப்பவர் செய்யும் செட்டப்பில் சரிசெய்துகொள்ளலாம்.

தூத்துக்குடி, நாகர்கோவில் போலக் கடற்காற்று படும் ஊரில் இருந்த பாஸ் என்றால் துருவைத் தேடுங்கள். கம்பியில் துரு இருந்தால் கவலையில்லை, எப்படியும் மாற்றப்போகிறீர்கள். சேடிலின் உயரத் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால்தான் சிக்கல், அவற்றைத் திருகவே முடியாது. டியூனர்களைச் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். தண்டு வளைந்திருந்தால் பாஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. அப்படியானால் தலைக்குப் பின்புறம், நட் இருக்கும் இடத்தில் முடி இழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். நெக் சேருமிடத்தில் திருகுகளைச் சுற்றியும் அப்படியே. பெயின்டில் மட்டும் உள்ள கோடு ஒன்றும் செய்யாது, மரத்துக்குள் இறங்கிய விரிசல் வேண்டாம்.

மின்சாரப் பகுதி பயமுறுத்தும், ஆனால் செலவு குறைவு. இந்த யமஹாவில் பேட்டரி கிடையாது. நடுவில் இரண்டு துண்டாக உள்ள பி பிக்கப், பிரிட்ஜ் பக்கம் நீளமான ஜே பிக்கப், இரண்டு வால்யூம், ஒரு டோன். பி பிக்கப்பை மட்டும் திறந்து நான்கு கம்பிகளையும் வாசியுங்கள். அதன் ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு, இன்னொன்று டி, ஜி கம்பிகளுக்கு. பக்கத்துப் பக்கத்து இரண்டு கம்பிகள் சேர்ந்தாற்போல் மங்கிக் கேட்டால் ஒரு துண்டு செத்துப்போயிருக்கிறது. ஜே பிக்கப்பை மட்டும் திறந்தால் லேசான ‘ம்ம்ம்’ இரைச்சல் வரும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது, பழுது அல்ல. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே கிரவுண்ட் ஒயர் சரியாக இருக்கிறது. தொட்டதும் அதிகமானால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது அல்லது அந்த வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. பாட்டைச் சுற்றும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் தீரும். கேபிளை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக் மாற்ற வேண்டும், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆம்ப் இல்லாத வீடு என்றால் கேபிளைச் செருகி, பி வால்யூமை முழுசாகத் திறந்து, ஜே வால்யூமை மூடி, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். சில கிலோ ஓமிலிருந்து 12 கிலோ ஓம் வரை காட்டினால் சுருள் அறுபடவில்லை. அடுத்து ஜே பிக்கப்பையும் அதேபோல் தனியாகப் பாருங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பாஸ்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும் அறையைத் திறந்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

விலை விஷயம். அதே மாடல் இன்று கடையில் புதிதாக என்ன விலை என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். குறையில்லாத பழைய பாஸுக்கு அதில் 60 சதவீதம் சுற்றி வரலாம். அதிலிருந்து புதுக் கம்பி செட், செட்டப் கூலி, கண்ட குறைகளுக்கான செலவு எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். கம்பி உயரம் என்று அவரே ஒத்துக்கொண்டிருப்பதால், எல்லாம் தேறினாலும் செட்டப் கூலியைக் கழிக்கக் கேட்பதில் தப்பில்லை. வாங்கிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள், சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்திலிருந்தோ குழுவிலிருந்தோ காணாமல்போன கருவி உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது.

14,000 ரூபாய் செட்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தப் பணம் பாஸ், ஆம்ப், பை, கேபிள், பெல்ட் என்று ஐந்தாகப் பிரிகிறது. ஈ கம்பியின் ஒலி 41 ஹெர்ட்ஸ். 15 வாட் ஆம்பின் சின்ன ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியைக் கொடுக்க முடியாது, அதன் மேல் ஸ்வரங்கள்தான் காதில் விழும். ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் அதுவும் கேட்காது. பாஸின் ஃபிரெட் முனைகள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறலாம். விற்கப் போனாலும் பாதி விலைகூடத் தேறாது. ஒரு தெரிந்த நிறுவனத்தின் பழைய பாஸை இரண்டு வருடம் வாசித்துவிட்டு வாங்கிய விலையை ஒட்டியே விற்க முடியும்.

ஃபெண்டர் என்று போட்டிருப்பதன் தலையைப் பின்னாலும் முன்னாலும் பாருங்கள். அந்தப் பெயர் ஒரு ஸ்டிக்கர்தான், யாரும் வாங்கி ஒட்டலாம். சீரியல் எண் ஐ.சி.எஸ் என்று தொடங்கினால் அது இந்தோனேசியாவில் செய்யப்பட்ட ஸ்குயர், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட். எம்.எக்ஸ் என்று தொடங்கினால் மெக்சிகோ. அது உண்மையானால் 18,000க்கு வருவது நம்பும்படியாக இல்லை. எண்ணே இல்லையென்றால் பெயரை மறந்துவிட்டு, மேலே சொன்ன அதே சோதனைகளைச் செய்யுங்கள். நெக் நன்றாக இருந்தால் பழைய ஸ்குயர் விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அசல் ஃபெண்டர் என்று அடித்துச் சொல்கிறவர், பாஸின் மற்ற குறைகளை மட்டும் உண்மையாகச் சொல்வார் என்று நான் நம்பமாட்டேன்.

நான்கு கம்பியே போதும். உங்கள் கிட்டாரின் மேல்பக்கத் தடித்த நான்கு கம்பிகள் எந்த வரிசையோ அதே வரிசை, ஒரு ஸ்தாயி கீழே. விரலுக்கு இடம் ஏற்கெனவே தெரியும். ஐந்தாவது பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. விலை குறைந்த பாஸ்களில் அது தொளதொளவென்று தெளிவில்லாமல் இருக்கும். டி ஸ்ருதியில் கீழ் ஸ்வரம் வேண்டுமென்றால் ஈ கம்பியை டிக்கு இறக்குங்கள். ஈ ஃபிளாட்டில் பாடுகிற குழுவென்றால் நான்கையும் அரை ஸ்வரம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறக்கிய பிறகு ரிலீஃபை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், இழுப்பு குறைந்தால் நெக் பின்னால் போகும்.

ஆம்ப் இப்போது வேண்டாம். ஆலயத்தில் மிக்ஸரும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. மீதமாகும் பணத்தில், பாஸின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்குங்கள். பாஸை நேராக மிக்ஸரின் மைக் இன்புட்டில் செருகினால் ஒலி மங்கிவிடும், நீளமான கேபிளில் இரைச்சலும் ஏறும். பேட்டரி இல்லாத பாஸுக்கு, மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் டி.ஐ. பொருத்தம். மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) இருந்தால் அதிலேயே ஓடும். வீட்டில் பழக ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். வீட்டில் உள்ள கிட்டார் ஆம்பில் செருகினால் சத்தத்தைக் குறைத்தே வைத்திருங்கள், ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

முதல் ஞாயிறு இணைக்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பாஸ் கம்பிகளும் ஆம்ப், மிக்ஸரின் உடம்பும் ஒரே கிரவுண்டில் இணைந்தவை. பிளக்கில் எர்த் இல்லாமலோ, எர்த் பின்னை உடைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால், கம்பியைப் பிடித்துக்கொண்டு உதடு மைக்கைத் தொடும்போது ஷாக் அடிக்கும். அதில் உயிர் போனவர்கள் உண்டு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடைப் பக்கம் உள்ள எல்லா பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ், கீபோர்டு, மிக்ஸர் மூன்றையும் முடிந்தவரை ஒரே லைனிலிருந்து எடுங்கள்.